மத்தியானம் ரிம் மினுக்கக்கூடாது

பழைய சைக்கிள் ரிம் மினுக்குகிற தொழிலில் துரு ஒரு பிரச்சினையே இல்லை. துரு சொன்னபடி கேட்கும், ரிம்மைக் கொண்டுவருகிற ஆள்தான் கேட்கமாட்டார்.

வீட்டில் இருந்தபடி கேக் செய்கிறவர்கள், பிளவுஸ் தைக்கிறவர்கள், கல்யாண மாலை கட்டுகிறவர்கள், ரோல்ஸ் பொரித்துக் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது விளங்கும். கடை போட்டு இருக்கிறவனிடம் கதைக்கத் துணியாத கதையெல்லாம் வீட்டு மணியை அடித்து வந்து கதைப்பார்கள். உங்கள் காயத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது. என்னுடையதைக் காட்டுகிறேன், ஒப்பிட்டுப் பார்த்து ஆறுதல் அடையுங்கள்.

வேலை குறைந்த வருடம்

2009இல் நான் சுவிஸில் வில் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கதவுக் கைபிடிகளை மினுக்குகிற பகுதியில் நின்றேன். உலகத்தில் எங்கேயோ வங்கிகள் விழுந்ததாம், அதனால் ஒருவரும் புதுக் கதவு போடவில்லையாம். எங்களைக் குர்ட்ஸ்ஆர்பைட்டில் விட்டார்கள். அதாவது வேலையால் நிற்பாட்டமாட்டார்கள், வேலையும் முழுதாகத் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டில்.

என் மனைவி சுகந்தி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். அவளுக்கும் வெள்ளிதான் ஓய்வு. சும்மா இருக்கிற ஆம்பிளை தூசி மாதிரி, எங்கே துடைத்தாலும் அங்கே வந்து நிற்கும் என்று அவள் தொலைபேசியில் யாருக்கோ சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நான் குழாய்களை மினுக்கினேன், சாமி விளக்கை மினுக்கினேன், பானைகளின் அடியை மினுக்கினேன். மினுக்க ஒன்றும் மிஞ்சாமல் போனபோது என் பழைய சைக்கிள் கண்ணில் பட்டது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, வினாகிரியில் தோய்த்து ரிம்மில் உரஞ்சினால் குரோமில் இருக்கிற துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும். பின்னேரத்துக்குள் என் இரண்டு சில்லுகளிலும் முகம் பார்க்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை அதில் வேலைக்குப் போனேன். பழுதான கைபிடியைக் காட்டுவதற்குத் தவிர என்னோடு வாய் திறந்தறியாத ஃபோர்மன், குனிந்து ரிம்மைப் பார்த்தார். அடுத்த கிழமை தன் மனைவியின் சைக்கிள் சில்லு இரண்டைக் கொண்டுவந்தார். என் முதல் வாடிக்கையாளர் அவர்தான். செய்து கொடுத்தபோது வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் சுழற்றிப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"இதே கவனத்தோடு இங்கேயும் வேலை செய்திருந்தால் எங்களுக்கு ஓடர் குறைந்திருக்காது."

உண்மையான துரு

பிறகு என் மகள் மதுரா, அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருந்தவள், நான் மினுக்கிய ரிம்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டாள். இங்கே சைக்கிளுக்கு வெலோ என்று பெயர். பழைய வெலோ வைத்திருப்பது சூரிச்சில் அந்த வருடங்களில் ஒரு சமயம் மாதிரிப் பரவிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. அந்தச் சமயத்தைச் சேர்ந்த ஒருவன் ரயிலில் இரண்டு சில்லுகளைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு முப்பது வயதிருக்கும். தாடி மட்டும் எழுபது வயதில் இருந்தது. நன்றாகச் செய்யுங்கள் என்று சொன்னான். நன்றாகச் செய்தேன்.

எடுக்க வந்தவன் சில்லைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் குந்திவிட்டான். தேத்தண்ணியோடு வந்த சுகந்தி, ஆர் செத்தது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அவன் விளக்கினான். அந்தத் துருதான் அந்த வெலோவின் வாழ்க்கையாம். அதற்காகத்தான் அவன் அதை வாங்கினானாம். தூசியைத் தட்டி, துருவை அப்படியே மினுக்கித் தருவேன் என்று நினைத்தானாம். ஒரு மனிதனின் சுருக்கத்தையெல்லாம் நான் இழுத்துத் தைத்துவிட்டேனாம்.

திரும்பவும் விட்டுவிட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன். உப்பையும் வினாகிரியையும் தண்ணீரில் கலந்து சில்லுகளுக்கு விசிறி, பல்கனியில் தொங்கவிட்டேன். கார்த்திகை மாத மழை, மிச்ச வேலையை அது பார்த்தது. துருவை எடுக்கவும் ஒருவன், பிடிக்கவைக்கவும் அவனேதான், ஊரில் இதுக்கு வைத்தியம் இருக்கு என்று சுகந்தி சொன்னாள். தாடிக்காரன் வந்தான். விரலால் தடவினான். மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தும் பார்த்தான்.

"மன்னிக்கவேண்டும், முதல்முறை உங்கள் திறமையை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். இதுதான் கைவேலை."

ராக்கெட்

தவம் அண்ணையும் நானும் இந்த நாட்டுக்கு ஒரே வருடம் வந்தவர்கள். அகதி முகாமில் ஒரே அறையில் மேல்கட்டிலில் அவரும் கீழ்க்கட்டிலில் நானும் படுத்தோம். இப்போதும் அந்த ஒழுங்கு மாறவில்லை என்பது அவருடைய எண்ணம். சூரிச்சில் ஓர்லிகோன் பகுதியில் ஒரு துப்புரவுக் கம்பனியில் மேற்பார்வையாளராக இருக்கிறார். இங்கே நாங்கள் இருக்கிற ஊரிலேயே மேட்டுப்பக்கம் வீடு வாங்கியிருக்கிறார். கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய கார். எங்கள் வீட்டுக்கு வந்தால் இருக்கமாட்டார், ஜன்னலோடு நிற்பார். கீழே நிற்கிற காரை ஆராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதற்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் எங்கள் நடையில் வரிசையாகத் தொங்கிய சில்லுகளைக் கண்டு முகம் சுளித்தார். அதற்கடுத்த சனிக்கிழமை தெரிந்தவரின் மகளுடைய சாமத்தியவீட்டுச் சடங்கில் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கையைப் பிடித்து, தன் மகனும் கெட்டிக்காரன்தான், விண்வெளிப் பக்கம் ஒரு வேலை எடுத்துக் கொடுக்க ஏலுமோ என்று பணிவாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தால், நான் என்ன வேலை என்று ஆட்கள் கேட்டதற்குத் தவம் அண்ணை, நான் ராக்கெட் பாகங்களுக்கு மெருகு போடுகிறவன் என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டு வடை எடுக்கப் போனார்.

காருக்குப் பக்கத்தில் நின்ற தவம் அண்ணையிடம் போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துபோய்விட்டது.

"நான் உம்மை ராக்கெட்டில ஏத்திவிட்டன், நீர் சைக்கிளில இறங்கி வாறீர்."

கூட்டாட்சியின் சொத்து

இந்த நாட்டில் ஒருவர் சாமியை மாற்றலாம், கட்சியை மாற்றலாம். உடுப்புத் தோய்க்கிற நாளை மாற்ற ஏலாது. எங்கள் கட்டடத்தில் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தோய்க்கிற அறை இருக்கிறது. அங்கே ஒரு பெரிய தொட்டி. எங்களுக்கு ஒதுக்கிய நாளில் அந்தத் தொட்டியில் ரிம் கழுவி, வீட்டில் புதிதாக வாங்கிய மெஷினால் மினுக்கினேன். எங்களுக்கு அடுத்த நாள் ஃப்ராவ் மோசருடையது. இங்கே பெண்களை ஃப்ராவ் என்றும் ஆண்களை ஹெர் என்றும் மரியாதைக்கு அழைப்பார்கள். முதல் மாடியில் தனியாக இருக்கிற, ஓய்வுபெற்ற பெண். அவர் ஒருநாள் வெள்ளைத் துணியோடு எங்கள் கதவுக்கு வந்தார். துணியை விரித்துக் காட்டினார். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கறை. தொட்டியைத் துடைத்தபோது வந்ததாம். ஒரு வார்த்தையும் கடுமையாகச் சொல்லவில்லை. துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதுதான் பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே கட்டடப் பராமரிப்பாளர் ஹெர் எக்லி வந்தார். மத்தியானம் பன்னிரண்டில் இருந்து ஒரு மணிவரை மெஷின் சத்தம் கூடாது. இரவில் கூடாது. ஞாயிறில் கூடாது. தொட்டியில் ரிம் கழுவவே கூடாது. வீட்டில் தொழில் செய்யக்கூடாது. இது தொழில் இல்லை, தெரிந்தவர்களுக்குச் செய்கிற உதவி என்றேன். அவர் யோசித்தார். தெரிந்தவர்கள் என்றால் எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும் என்று கேட்டார். முகம் தெரிந்தால் போதும் என்றேன். போய்விட்டார்.

அடுத்த கிழமை அதே மனிதர் போர்வையில் சுற்றிய ஒன்றை அணைத்துக்கொண்டு வந்தார். இளமையில் இராணுவச் சேவையில் ஓடிய சைக்கிளின் முன் சில்லு. சேவை முடிந்தபோது சைக்கிளை அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். உங்களுக்கு என் முகம் தெரியும்தானே என்றார். ஓம், ஆனால் இதைக் கழுவுவதற்குத் தொட்டி இல்லையே, நீங்கள்தானே தடுத்தீர்கள் என்று நினைவுபடுத்தினேன்.

"மற்றவர்களுடையதைக் கழுவினால் அது அழுக்கு. இது சுவிஸ் கூட்டாட்சியின் சொத்தாக இருந்தது."

பரம்பரைக் கை

மதுரா வேலை பழகப் போன இடத்தில் விளம்பரம் செய்கிற கலை எல்லாம் படித்துவிட்டு வந்து, என் இணையப் பக்கத்தைத் திருத்தி எழுதினாள். என் ஜேர்மன் மொழி அறிவுக்கு அது எட்டவில்லை. பிறகுதான் தெரியும், தெற்காசியக் கைப்பக்குவம், தலைமுறைகளின் பொறுமை என்றெல்லாம் போட்டிருக்கிறாள். என் அப்பா தபால்கந்தோரில் இருந்தவர். அவருடைய அப்பா புகையிலைத் தரகர். இரண்டு பேரும் சைக்கிளை ஓடினார்களே தவிரத் துடைத்ததாக எனக்கு நினைவில்லை. இப்படிப் பொய் எழுதலாமோ என்று கேட்டதற்கு, பொய் இல்லையப்பா, இது ஸ்டோரி என்றாள்.

அந்த ஸ்டோரியை வாசித்துவிட்டு வின்டர்தூரில் இருந்து ஒரு பெண்மணி வந்தார். யோகா சொல்லிக்கொடுக்கிறவராம். மரகதப் பச்சையில் ஒரு பழைய சைக்கிள், அதன் இரண்டு சில்லும். மினுக்கும்போது தானும் பக்கத்தில் இருந்து பார்க்கலாமோ என்று கேட்டார். பார்ப்பதால் என்ன குறையப்போகிறது, இருங்கோ என்றேன். நான் மெஷினில் பஞ்சுச் சக்கரத்தைப் பூட்டி, பக்கத்து இரும்புச் சாமான் கடையில் வாங்கிய மினுக்குப் பசையைத் தடவி, காதடைப்பானை மாட்டினேன். அவருடைய முகம் வாடிப்போனது. அந்த மெஷினை நிறுத்த ஏலுமோ, எனக்கு உணர்வு வரவில்லை என்றார்.

நிறுத்தினேன். ஒரு துணியை எடுத்து ரிம்மில் மெதுவாக வட்டம் போட்டேன். அவர் சப்பாணி கட்டி இருந்து கண்ணை மூடினார். ஏதாவது மந்திரம் சொல்வீர்களா என்று கேட்டார். மந்திரமும் தேவாரமும் எனக்கு வராது என்பதால், வாய்க்குள் எங்கள் தோய்க்கும் நாள், குப்பை எடுக்கும் நாள், பழைய பேப்பர் கட்டி வைக்கும் நாள் எல்லாவற்றையும் தமிழில் வரிசையாக முணுமுணுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணியால் போட்ட வட்டத்தில் ரிம்மில் ஒரு மாற்றமும் வரவில்லை. அவர் போனதும் காதடைப்பானை மாட்டிக்கொண்டு மெஷினைப் போட்டேன். கிழமை முடிய வந்து எடுத்தார். சில்லை நெஞ்சோடு பிடித்தார்.

"கையால் செய்தது என்று பார்த்தவுடனேயே தெரிகிறது, மெஷினில் இந்த ஆன்மா வராது."

ஆருடைய சில்லு

இனிச் சொல்வது பகிடி இல்லை. ஃப்ராவ் மோசர் கட்டட நிர்வாகத்துக்கு அறிவித்துவிட்டார். வெள்ளைக் காலணி போட்ட ஓர் இளைஞரை அவர்கள் அனுப்பினார்கள். ஹெர் எக்லி அவருக்கு நிலவறையைத் திறந்துவிட்டார். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஓர் அடைப்பு உண்டு. உள்ளே இருப்பது எல்லாம் வெளியே தெரியும். எங்கள் அடைப்பில் சில்லுகள் தொங்கின. எல்லாவற்றுக்கும் முன்னால், பாதி மினுங்கிப் பாதி துருவோடு, ஹெர் எக்லியின் இராணுவச் சில்லு.

இளைஞர் அதைத் தொட்டு, இது ஆருடையது என்று கேட்டார். ஹெர் எக்லி சுவரைப் பார்த்தார். அந்த வேலைக்காகத்தான் அந்தக் கட்டடத்தில் அவருக்கு வீடு. பராமரிப்பாளரே கொண்டுவந்து கொடுத்தது என்று தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும். தெரியவில்லை என்றார். உரிமையாளர் இல்லாவிட்டால் குப்பைக்கு அனுப்புங்கள் என்றார் இளைஞர். ஹெர் எக்லி சாவிக்கொத்தில் சாவிகளை எண்ணத் தொடங்கினார். என்னுடையது என்று நான் சொன்னேன். இளைஞர் என்னைப் பார்த்து, மாத முடிவுக்குள் இந்த அடைப்பில் ஒரு சில்லும் இருக்கக்கூடாது, இருந்தால் வீட்டு ஒப்பந்தம் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வீடு எடுப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தொலைபேசியில் விசாரிக்கும்போது வீடு காலியாகத்தான் இருக்கும். எங்கள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் அதை ஆரோ எடுத்துவிடுவார்கள். சுகந்தி சத்தம் போடவில்லை. சில்லோ வீடோ, ஒண்டைச் சொல்லுங்கோ என்று மட்டும் கேட்டாள். நான் சில்லுகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, கொண்டுவந்தவர்களுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் எனக்குத் தொழிற்சாலையிலும் கை ஓடவில்லை. கைபிடி மினுக்குவது சம்பளத்துக்கு. ரிம் மினுக்குவது எனக்கு. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு காலை ஹெர் எக்லி கதவைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் வாருங்கள் என்றார். நிலவறையின் கடைசி மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு முழம் தடிப்பில் சீமெந்துக் கதவு. இந்த நாட்டில் கட்டடங்களுக்குக் கீழே குண்டு விழுந்தால் பதுங்க இப்படிக் குண்டறை கட்டி வைத்திருப்பார்கள், வராத போருக்கு. உள்ளே பனிச்சறுக்குப் பலகைகளும் உருளைக்கிழங்குப் பெட்டியும் இருந்தன. அவர் ஒரு பக்கத்தை ஒதுக்கி, மேசை போட்டு, மின்சாரமும் இழுத்திருந்தார். நிர்வாகத்துக்கு அடைப்பில்தான் கணக்கு, இந்த அறை என் பொறுப்பு என்றார். பிறகு மெஷினைப் போடச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மேலே ஃப்ராவ் மோசரின் வாசலில் போய் நின்று கேட்டுவிட்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லையாம்.

ஊரில் எங்கள் வளவுக்குள்ளும் ஒரு பங்கர் இருந்தது. கிபீர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டால் அதற்குள் ஓடுவோம். அதற்குள் இருந்து வெளியே வருவதற்குத்தான் நான் இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தேன். இப்போது காதடைப்பானும் கையுமாகத் திரும்பவும் பங்கருக்குள் நிற்கிறேன், நன்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. சொன்னேன். அவருடைய சில்லை நான் என்னுடையது என்றதற்கு அவர் நன்றி சொல்லவில்லை. கதவடியில் நின்று விரலை மட்டும் உயர்த்தினார்.

"ஒரு நிபந்தனை இருக்கிறது. போர் வந்தால் நீங்கள் உடனே காலி செய்யவேண்டும்."

மாப்பிளை வந்த விதம்

தவம் அண்ணையின் மகன் நிரோஷ் சூரிச்சில் வங்கி ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறான். இங்கேயே பிறந்தவன். கார் ஓடத் தெரியும், கார் வாங்கமாட்டான். வேலைக்கு சைக்கிளில் போகிறான். இது தவம் அண்ணைக்கு வீட்டுக்குள் ஒரு நோய் மாதிரி. அதற்கும் நான்தான் காரணம் என்று அவர் நம்புகிறார். அவனுக்குக் கல்யாணம் முற்றானபோது, மண்டபத்துக்குக் குதிரை வண்டியில் வரவேண்டும் என்று தகப்பன். பழைய கறுப்புச் சைக்கிளில்தான் வருவேன் என்று மகன். மணப்பெண்ணும் மகன் பக்கம். கடைசியில் தவம் அண்ணை, அப்ப ரிம் தேர் மாதிரித் தூரத்தில நிண்டே மினுங்கவேணும் என்ற ஒரு நிபந்தனையோடு என் குண்டறைக்கு இறங்கி வந்தார்.

தேர் மாதிரியே செய்தேன். பிரேக் கட்டைகள் பிடிக்கிற பக்கங்களையும் கண்ணாடி மாதிரி மினுக்கவேண்டும் என்று தவம் அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். அப்படிச் செய்தால் பிரேக் வடிவாகப் பிடிக்காது, படம் எடுப்பதற்கு உருட்டிக்கொண்டு வரட்டும், ஏறி ஓடக்கூடாது என்று தகப்பனிடமும் மகனிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இரண்டு பேரும் ஓம் என்றார்கள். கல்யாணத்தன்று காலை மண்டபம் சோடிக்க வந்தவர், இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் ரிம்முக்குத் தேங்காய் எண்ணெய் பூசியது எனக்குத் தெரியாது.

மண்டபம் ஒரு சிறு பள்ளத்தில் இருந்தது. உருட்டிக்கொண்டு வந்தால் வீடியோவில் எடுபடாது, ஏறி வாங்கோ என்று வீடியோக்காரர் சொல்லியிருக்கிறார். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலையோடு நிரோஷ் மேலே இருந்து வந்தான். வெயிலில் ரிம் இரண்டும் எரிந்தன. ஒரு கணம் எனக்கே நெஞ்சு நிறைந்தது. பிறகு அவன் பிரேக்கை அமத்துவது தெரிந்தது, சைக்கிள் அதைப் பொருட்படுத்தாததும் தெரிந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தவில்காரர் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒதுங்கினார். மாப்பிளை வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் போய் நின்றான். வாழை அவன் மேல் மெதுவாகச் சாய்ந்தது. காயம் ஒன்றும் இல்லை. தலைப்பாகை மட்டும் ஒரு காதில் தொங்கியது. தவம் அண்ணை என்னைத் தேடுவது தெரிந்து நான் ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். அப்போது வீடியோக்காரரின் குரல் கேட்டது.

"மாப்பிளை, நல்லாய் வந்திருக்கு. ஒருக்காத் திரும்பப் போய் வாங்கோ, பக்கத்தால எடுக்கேல்லை."

தெரிந்த மனிதர்

தவம் அண்ணை என்னோடு கதைக்காமல் இருந்த காலத்தில் இரண்டு பேருமே சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். அவர் என்னைவிடக் கெட்டியாக ஆயத்தம் செய்தார். மாநிலங்களின் பெயரை நித்திரையிலும் சொல்வார். ஆனால் எங்கள் ஊரில் நேர்முகத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்திலும் விசாரிக்கிற வழக்கம் இருந்தது. தவம் அண்ணையின் அயலவர்களைக் கேட்டிருக்கிறார்கள். அவரால் ஒரு கரைச்சலும் இல்லை, காரை நன்றாகத் தெரியும், ஆளைத் தெரியாது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கார் நிலவறைக்குள் போகும், அவர் லிஃப்டால் மேலே போவார். அவரை ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்து, ஊரில் நாலு பேரோடு பழகிக்கொண்டு, பிறகு வரச் சொல்லிவிட்டார்கள். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இத்தனை வருடம் ஒருவருக்கும் தொந்தரவு செய்யாமல் வாழ்ந்த மனிதர்.

என் முறை வந்தது. என்னுடைய அயலவர் என்று அவர்கள் கேட்டது ஃப்ராவ் மோசரை என்று அறிந்தபோது, வீட்டில் சுகந்தி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். மெஷின் சத்தம் நின்றபிறகும் அவருடைய முறைப்பாடு நிற்கவில்லை. வினாகிரி மணம் மாடிவரை வருகிறது என்று ஒருமுறை. என் வாடிக்கையாளர்கள் தன் வீட்டு மணியை அடிக்கிறார்கள் என்று ஒருமுறை. படியில் சில்லு உரஞ்சின தடம் இருக்கிறது என்று ஒருமுறை. ஒவ்வொரு தரமும் நான் போய் மன்னிப்புக் கேட்பேன். அவர் கதவடியில் நிறுத்தி வைத்து, அந்தக் குறையோடு தன் முழங்கால் வலியையும், தொலைபேசி எடுக்காத மகனையும், அடுத்த கட்டடத்தின் புறாக்களையும் பற்றிச் சொல்லி முடிப்பதற்கு நேரம் எடுக்கும். நான் நின்று கேட்பேன். வேறு என்ன செய்வது.

மேசைக்கு அந்தப் பக்கம் குடியுரிமைக் குழுவினர் வரிசையாக இருந்தார்கள். நதி, மலை, வாக்களிக்கும் முறை எல்லாம் கேட்டார்கள், சொன்னேன். நடுவில் இருந்த தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஃப்ராவ் மோசருடன் கதைத்தோம் என்றார். அவர் நீண்டநேரம் கதைத்தாராம். தொட்டிக் கறை, வினாகிரி, மணி, படித்தடம் எல்லாவற்றையும் தலைவி எனக்குத் திருப்பிச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு மனிதர் சிரிப்பை அடக்க இருமினார். அப்படியென்றால் இவர் குடிமகனாவதை நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று கடைசியில் கேட்டோம் என்றார் தலைவி. அதற்கு ஃப்ராவ் மோசர் கோபப்பட்டாராம். அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்கிறேன் என்று தலைவி நிமிர்ந்து இருந்து சொன்னார்.

"எதிர்ப்பதா? இந்தக் கட்டடத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான், அவரையும் அனுப்பிவிட்டால் நான் ஆரைப் பற்றி முறையிடுவது?"

ஆகவே வீட்டுத் தொழில் செய்து அயலட்டையின் வசவை வாங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன்: ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காதவன் இந்த நாட்டில் விருந்தாளியாகவே இருந்துவிடுவான், குடிமகனாக வேண்டுமென்றால் ஒரு ஆளுக்காவது ஒழுங்காகத் தொல்லை கொடுக்கவேண்டும்.